கேள்வி பதில்: கச்சேரிக்கு முந்திய நேரம்

கேள்வி: கேப் டவுனில் கலை பயிலும் என் மகள், மனோன் டி பூர் என்ற திரைப்படக் கலைஞர் 2018இல் எடுத்த ‘பெல்லா, மாயா அண்ட் நிக்’ என்ற படத்தைக் காட்டினாள். மூன்று இளையவர்கள் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஏதேதோ வாசித்துப் பார்க்கிறார்கள். கதையும் இல்லை, கச்சேரியும் இல்லை. இதில் எதை ரசிப்பது?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கச்சேரியை எதிர்பார்த்து அமர்ந்ததால்தான் உங்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கும். பிரஸ்ஸல்ஸில் வசிக்கும் இக்கலைஞர் 1966இல் கொடைக்கானலில் பிறந்தவர் என்று அறிந்து நான் மகிழ்ந்தது ஒருபுறம் இருக்கட்டும். அவர் படம்பிடித்திருப்பது இசையை அன்று. இசை கைவருவதற்கு முன் நடக்கும் தேடலை. ஒன்றுமில்லாததிலிருந்து ஏதோ ஒன்றும், அதிலிருந்து வேறொன்றும் பிறப்பதைக் குறிக்கும் தலைப்பில் அவர் எடுத்த மூன்று படங்களில் இதுவே முதலாவது. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952இல் அமைத்த, ஒரு சுரமும் வாசிக்கப்படாத ‘நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிகள்’ என்ற படைப்பை ஒரு பியானோக் கலைஞர் இருமுறை நிகழ்த்த, அதை 2008இல் படமாக்கியவரும் இவரே.

சனிக்கிழமை காலையில் நம் கோயில் மண்டபத்து வீணை வகுப்பை எட்டிப் பாருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் முதற்காலத்தில் தடையின்றி வந்த சரளி வரிசை என்னும் தொடக்கப் பாடம், இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் தைவத சுரத்தில் இடறியதும், அந்தச் சிறுமி ஆசிரியையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தன் விரலையே பார்க்கிறாள், உதடு மட்டும் அசைய மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, பிறகே தந்தியைத் தொடுகிறாள். ஆண்டு விழா மேடையில் நாம் ஒருபோதும் காணாத அந்தச் சில விநாடிகளைத்தான் இத்தகைய படம் வெட்டாமல் வைத்திருக்கிறது. மகளோடு அமர்ந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் எப்போது நன்றாக வாசிப்பார்கள் என்று காத்திராமல், ஒருவர் எழுப்பிய ஒலியை மற்றவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.

கேள்வி: மிருதங்கம் பயிலும் என் பேரனைக் கைப்பேசியில் இவ்வாறு படமெடுக்க இயலுமா?
— வாசகர், மெரிபேங்க்

பதில்: தாராளமாக எடுக்கலாம் ஐயா. மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், மிருதங்கத்தின் உயரத்தில் ஒரு முக்காலியில் சாய்த்து வையுங்கள். பாடம் தொடங்கிய பிறகு எடுக்க வேண்டாம். அவன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பும்போதே தொடங்கி, தட்டிப் பார்த்து, போதாதென்று இன்னும் கொஞ்சம் அப்பி, மறுபடி காது கொடுத்துக் கேட்கும் வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.