தூக்குமரம் வரை உடன் செல்பவர்

கேள்வி: தூக்குத்தண்டனை உறுதியாகிவிட்ட கைதியைச் சந்திக்கும் கத்தோலிக்கக் குருவானவரால் என்ன செய்துவிட முடியும்? தீர்ப்பை அவரால் மாற்ற முடியாதே? – வாசகி ஒருவர், திண்டுக்கல்.

பதில்: தீர்ப்பை மாற்றுவதற்காக அவர் போவதில்லை. இத்தாலியின் தூரின் நகரில் பணியாற்றிய புனித ஜோசப் கஃபாசோவின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். 1811இல் பிறந்து 1833இல் குருவான அவர், இளம் குருக்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்தவர். முதுகு வளைந்த, குள்ளமான மனிதர். சிறைக்குப் போகும்போது கைதிகளுக்காகப் புகையிலை கொண்டுபோவார். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எதிரே இருப்பவனுக்கும் ஆசை உண்டு, உடம்பு உண்டு என்று மதிப்பதுதான் சிறைப்பணியின் முதல் பாடம் என்பேன். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) கேட்டு, நற்கருணை (திருப்பலியின் புனித அப்பம்) வழங்கி, 57 பேரை அவர் தூக்குமரம் வரை கூட்டிச் சென்றதாகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் நினைவுகூர்ந்தார். ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்ட காலத்தில், கொலைக்களத்துக்குப் போகும் வண்டியில் அந்த மனிதனின் பக்கத்திலேயே அமர்ந்து சென்றவர் அவர். 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டே இத்தாலியச் சிறைகளின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீதிபதியிடமோ சிறை அதிகாரியிடமோ, கைதி இறந்த பிறகும்கூட, குருவானவர் வெளியிடக் கூடாது. திருச்சபைச் சட்டம் இதற்கு விலக்கு எதுவும் தரவில்லை. விசாரணையிலும் வாக்குமூலத்திலும் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தனக்கு எதிராகவே திரும்பக் கண்ட ஒருவனுக்கு, சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஒரு காது கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேள்வி: தொன் போஸ்கோவின் பணி சிறையில்தான் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா? – வாசகர் ஒருவர், வேலூர்.

பதில்: வித்து அங்கேதான் விழுந்தது. கஃபாசோவும், ஆதரவற்ற சிறுவர்களுக்காக உழைத்த குருவான தொன் போஸ்கோவும் ஒரே ஊர்க்காரர்கள். 1841இல் குருவான தொன் போஸ்கோவைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றவர் கஃபாசோ. 12 முதல் 18 வயது வரையிலான திடமான பையன்கள் பசியோடும் பூச்சிக்கடியோடும் வேலையின்றி அடைபட்டுக் கிடந்ததைக் கண்டு நடுங்கிப்போனதாகத் தொன் போஸ்கோ எழுதியிருக்கிறார். திருந்தி வாழ்வோம் என்று உறுதியோடு வெளியேறியவர்களில் பலர் சில நாட்களிலேயே திரும்பி வந்தார்கள். வெளியில் அவர்களை அரவணைக்க ஆள் இல்லாததே காரணம் என்று அவர் கண்டுகொண்டார். அந்த ஆளாகத் தாமே இருக்க முடிவு செய்து, ஆதரவற்ற பையன்களை ஞாயிறுதோறும் சேர்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த சலேசியத் துறவற சபையின் குருக்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள்.