ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்கள் சிலர் ‘பூர்வகுடிக் கலைஞர்’ என்று அழைக்கப்படுவதை விரும்புவதில்லையே, ஏன்? தங்கள் வேரை மறைக்கிறார்களா?

இல்லை. அவர்களுடைய படைப்புகளைப் பார்த்தாலே தெரியும், தங்கள் மக்களின் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிற நிபந்தனைகள்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நான் மெல்பர்னில் வசிக்கிறேன், இந்த ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த ஓவியங்களுக்கான சந்தை உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும். 1971-ல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யா குடியிருப்பில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் தொன்மக் கதையை வரைந்தார்கள். அதுவரை மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்த சடங்கு வடிவங்கள் பலகைக்கும் கேன்வாசுக்கும் வந்தன. அடுத்த ஆண்டே, ஓவியர்களே உரிமையாளர்களாக இருக்கும் ‘பப்புன்யா துலா’ நிறுவனம் தொடங்கியது. புள்ளி ஓவியம் என்று உலகம் கொண்டாடுவது பெரும்பாலும் இங்கிருந்து பரவியதைத்தான்.

அதே மத்திய ஆஸ்திரேலியாவில் யுடோப்பியா என்ற பகுதியைச் சேர்ந்த எமிலி காம் உங்வாரே, எழுபது வயது தாண்டிய பிறகுதான் கேன்வாசில் வரையத் தொடங்கினார். 1996-ல் மறைந்தார். அவருடைய ‘எர்த்ஸ் கிரியேஷன்’ 2007-ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது, 2017-ல் 21 லட்சத்துக்கு. விமர்சகர்கள் அவரை பிரெஞ்சு ஓவியர் மோனேயோடும் அமெரிக்க ஓவியர் பொல்லாக்கோடும் ஒப்பிட்டார்கள். அவர் வரைந்தது தன் நிலத்தை, அதன் காட்டுக்கிழங்கை, விதைகளை. ஒரு பெண் தன் மண்ணைப் பற்றிச் சொன்னதைப் புரிந்துகொள்ள மேற்கத்தியப் பெயர் எதற்கு என்று எனக்கு இன்றும் கோபம் வரும். பணமும் ஓவியருக்குத் தாமதமாகத்தான் வந்தது: மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ 5 சதவீதம் தரச் சொல்லும் சட்டம் 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

சரி, நகரத்தில் வளர்ந்த பூர்வகுடியினரின் நிலை என்ன? பாலைவனம், புள்ளிகள், முதியவர் என்று ஒரு பிம்பத்துக்குச் சந்தை பழகிவிட்டது. பிரிஸ்பேனில் இருந்துகொண்டு அரசியலையும் இனவெறியையும் வரைந்தால் ‘அசல் இல்லை’ என்றார்கள். இதை ஓவியர் ரிச்சர்ட் பெல் நேருக்கு நேர் உடைத்தார். பூர்வகுடிக் கலை என்பது வெள்ளையர்களின் விவகாரம் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஓவியத்தை, பூர்வகுடிக் கலைக்கான தேசிய விருதுப் போட்டிக்கே அனுப்பினார். 2003-ல் விருதும் அதற்கே கிடைத்தது!

என்னை அதிகம் பாதித்தவர் ஓவியர் கோர்டன் பென்னட். பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவர், ஆனால் தன் வம்சாவளியே தெரியாமல் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தொழிலாளியாக வேலை பார்த்து, முப்பது வயதில் ஓவியக் கல்லூரிக்குப் போனார். 1770-ல் பிரிட்டிஷ் கடற்பயணி கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை பிரிட்டனுக்குச் சொந்தம் என்று அறிவிக்கும் காட்சி ஒன்று பழைய அச்சுப் படங்களில் உண்டு. கையில் தட்டோடு நிற்கும் ஒரு கறுப்பினப் பணியாளும் அதில் இருப்பார். 1991-ல் பென்னட் அந்தக் காட்சியைத் திரும்ப வரைந்தபோது, ஒரு வடிவத்தில் அந்தப் பணியாளை மட்டும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கட்டங்களால் மூடினார். பூர்வகுடிக் கொடியின் நிறங்கள் அவை. வரலாறு ஒருவரை எப்படி மறைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஓவியத்தை நான் பார்த்ததில்லை.

இப்படி வரைந்தவர்தான், தன்னை ஓர் இனத்தின் பேச்சாளராக்க வேண்டாம் என்றார். எதை வரைந்தாலும் ‘பூர்வகுடியின் குரல்’ என்றே படிக்கப்பட்டதால், ஜான் சிட்டிசன் என்ற கற்பனைப் பெயரில் ஓவியங்களை வெளியிட்டார். 2003-ல் வெறும் கோடுகளாலான அரூப ஓவியங்களுக்குப் போனார். வெள்ளை ஓவியர் கோடு போட்டால் கோடாகவே பார்ப்பார்கள் இல்லையா, அந்தச் சலுகையைத்தான் அவரும் கேட்டார். புகைப்படக் கலைஞர் டிரேசி மொஃபட்டும் பூர்வகுடியினருக்கு மட்டுமான கண்காட்சிகளைத் தவிர்த்தவர். நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில், 2017-ல் ஆஸ்திரேலியாவின் சார்பில் தனியாகக் காட்சி வைத்தார்.

இதற்கு நேர் எதிராக ஆர்ச்சி மூர் என்ற கலைஞர், 2024 வெனிஸில் அரங்கின் கருஞ்சுவர் முழுக்கத் தன் வம்சாவளியைச் சுண்ணக்கட்டியால் எழுதினார், 65,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகும் மரமாக. நடுவே, காவலில் இறந்த பூர்வகுடியினரைப் பற்றிய அரசு ஆவணங்கள். சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கம் விருது அதற்குக் கிடைத்தது. தன் அடையாளத்தை எப்போது, எந்த அளவு முன்வைப்பது என்று அவரே முடிவு செய்தார்.

அதற்காகப் ‘பூர்வகுடிக் கலை’ என்ற பெயரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளை பூர்வகுடியினர் செய்ததுபோல் விற்ற நிறுவனம் ஒன்றுக்கு, 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தொலைதூர ஊர்களின் கலை மையங்களுக்கு அந்தப் பெயர் பிழைப்பு, அதைக் காக்கத்தான் வேண்டும்.