கேளுங்கள் சொல்கிறோம்: அஞ்சடி வியாபாரம்

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): பினாங்கு போயிருந்தேன். ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு முன்னால் கூரையோடு நீளமாக ஒரு நடைபாதை. ஒருவர் பூ கட்டுகிறார், ஒருவர் செருப்புத் தைக்கிறார். அந்த இடம் யாருடையது?

பதில்: இடம் கட்டடக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு. அங்கே அஞ்சடி என்பார்கள். 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டபோது, தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளுக்கு முன்னால் எந்நேரமும் திறந்திருக்கிற, கூரை போட்ட நடைவழி விட்டாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்புறம் அது பினாங்கு, மலாக்கா, கோலாலம்பூர் என்று பரவியது. மழையும் வெயிலும் மாறி மாறி வாட்டுகிற ஊர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிழல் இருந்தால் ஆள் நடப்பார்கள், ஆள் நடந்தால் வியாபாரம் முளைக்கும். கடை எடுக்கக் கையில் முதல் இல்லாதவருக்கு ஒரு தூணோரம், ஒரு நாற்காலி, சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, இவ்வளவு போதும், முடிதிருத்தும் கடை ரெடி. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி இவற்றையெல்லாம் காலி செய்யக் கிளம்பியபோது கடைகளை அடைத்தார்கள், கலவரமே வெடித்தது.

கேள்வி (மதுரை வாசகர்): மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பியைத் தமிழர்கள்தான் தைக்கிறார்களாமே?

பதில்: தமிழர்களும் என்று சொல்லுங்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் அஞ்சடியிலேயே தையல் மெஷினைப் போட்டுச் செய்துவந்த தொழில் அது. வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே வழவழப்பான சாட்டின், நடுவில் அடுக்கடுக்காகப் பழைய செய்தித்தாள். தொப்பி விறைப்பாக நிற்பது அந்தத் தாளால்தான்! நோன்புப் பெருநாள் நெருங்கினால் கை ஓயாது. மற்ற மாதங்களில் தொழிற்சாலைத் தொப்பியோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வி (ஈப்போ வாசகர்): எங்கள் ஊர் கச்சாங் பூத்தே பற்றி எழுத மாட்டீர்களா?

பதில்: எழுதாமலா! தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் தலையில் தட்டு சுமந்து, அஞ்சடியிலும் சினிமா தியேட்டர் வாசலிலும் விற்ற கடலை, பட்டாணி, முறுக்கு வகையறா. பழைய டெலிபோன் டைரக்டரித் தாளைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுக் கொடுப்பார்கள். ஈப்போவின் புந்தோங்கில் இந்தப் பெயரிலேயே ஒரு கம்பம் (குடியிருப்பு) இருப்பது உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி (சென்னை வாசகர்): பினாங்கு ஜார்ஜ் டவுனை 2008-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டதே, இனி இந்தத் தொழில்களுக்கு என்ன கவலை?

பதில்: பட்டியல் காப்பாற்றுவது சுவரையும் கூரையையும். உள்ளே இருந்த ஆளைக் காப்பாற்றியது பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அது 2000 பிறந்தபோது போய்விட்டது. நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாடகை கொடுத்துக் காலம் தள்ளியவரிடம் திடீரென்று பல மடங்கு கேட்டால் பிரம்பு முடைகிறவர் எங்கே போவார்? வீட்டுக்காரரைத் திட்டியும் பயனில்லை, ஓடு மாற்றுகிற செலவு அவர் தலையில். கைத்தொழிலுக்கு ஆதரவு இல்லை, ஜனங்களுடைய ரசனை மாறிவிட்டது என்கிற பேச்சை நான் பாதிதான் ஏற்பேன். மீதிப் பாதி வாடகை ரசீதில் இருக்கிறது.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): அஞ்சடியில் நடக்கவே இடமில்லை. இந்த வியாபாரிகளை எழுப்பினால் என்ன?

பதில்: ஒருநாள் சுற்றிப் பாருங்கள். வழியை மறிப்பவை மோட்டார் சைக்கிள்கள், சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே தள்ளிய மேஜைகள், சில இடங்களில் இரும்புக் கிராதி. செருப்புத் தைப்பவர் பிடிப்பது நாலு ஓடு தரை. மோட்டார் சைக்கிளிலிருந்து ஆரம்பியுங்கள்.