முயல் பார்ப்பது தரையை அல்ல

கேள்வி: பனி பெய்யும் நாடுகளில் சில முயல்கள் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடுமாம். இப்போது பனி தாமதமாகத்தான் விழுகிறதே, அதுவரை பழுப்பாகவே இருந்தால் என்ன? – கல்லூரி மாணவி, தேனி

பதில்: இருக்கலாம்தான், ஆனால் அது முயலின் கையில் இல்லை. வட அமெரிக்காவின் ஸ்னோஷூ முயலையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் குறையக் குறைய அதன் பழுப்பு உரோமம் உதிர்ந்து வெள்ளை முளைக்கும். அதாவது, அது பார்ப்பது பகலின் நீளத்தை, தரையை அல்ல. அக்டோபரில் பொழுது எப்போதும்போல்தான் சாய்கிறது, பனிதான் ஏமாற்றுகிறது. காய்ந்த சருகுக்கு நடுவே வெள்ளை முயல், அதுவும் தான் தெரியவே மாட்டோம் என்பதுபோல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்! பாவம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்காட் மில்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், நம் ஊரில் யானைக்குப் போடுவார்களே, அதைப்போல முயல்களுக்கு ரேடியோ காலர் மாட்டிக் கவனித்தார்கள். நிறம் தரையோடு பொருந்தாத முயல், ஒரு வாரத்தைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைந்தது. வாராவாரம் இப்படியென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. பனி குறைவான பசிபிக் கரைப் பக்கம், இதே இனத்தில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் முயல்கள் உண்டு. காரணம் அகூட்டி என்ற மரபணுவின் ஒரு வகை. 2018இல் வந்த ஆய்வுப்படி, அந்த வகை எப்போதோ கறுப்புவால் ஜாக் முயலோடு கலந்தபோது இரவலாக வந்தது. பழுப்பானவை தப்பித்துக் குட்டி போட்டன, வெள்ளையானவை மாட்டிக்கொண்டன, அவ்வளவுதான். எந்த முயலும் யோசித்து மாறவில்லை.

கேள்வி: இப்படி மாறிய நிறம் பழையபடி திரும்பியதுண்டா? – வாசகர், மதுரை

பதில்: உண்டு. இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சி. 1848இல் மான்செஸ்டரில் ஒரு கறுப்புப் பூச்சி பதிவானது. ஆலைப் புகையில் மரப்பட்டைகள் கறுத்துப்போக, வெளிர்நிறப் பூச்சிகளைப் பறவைகள் சுலபமாகப் பொறுக்கித் தின்றன. 1895 வாக்கில் அங்கே 98 சதவீதம் கறுப்பு. புகை படிந்து கறுத்தவை என்று நினைத்துவிடாதீர்கள், பிறவிக் கறுப்பு அது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, அப்புறம் மரங்கள் மெல்ல வெளுத்தன, பறவைகளின் கண்ணில் இப்போது கறுப்புதான் பட்டது. இன்று அங்கே கறுப்புப் பூச்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.