பூனைக்குத் தெள்ளுப்பூச்சி, காய்ச்சல்: எந்த ரத்தப் பரிசோதனை?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறோம். எங்கள் 2 வயதுப் பூனைக்கு உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. நான்கு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் சுடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. போன வாரம் மகளையும் பிறாண்டிவிட்டது. எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் எடுக்கும் முன் ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கிருமி குறைந்துவிடலாம். அப்புறம் லேபில் 'இல்லை' என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. அதே சமயம், ஈறு வெளுத்த பூனையை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வெளுத்த ஈறு என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் மேல்தான். ரத்தச் சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும் கிருமி. தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவதாகக் கருதப்படுகிறது. ரத்த அணு எண்ணிக்கையோடு ஸ்மியரும் (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மியரை ரத்தம் எடுத்த கையோடு, அந்த இடத்திலேயே ஸ்லைடில் இழுத்துக் காயவைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி டியூபில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி அணுவை விட்டு உதிர்ந்துவிடும். தருமபுரியில் எடுத்த ரத்தம் நாமக்கல்லுக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்ந்த பிறகு ஸ்லைடு போட்டால், இருக்கிற கிருமியும் கண்ணில் படாமல் போகலாம்.

ஸ்மியரில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கிருமி ரத்தத்தில் ஒரு நாள் தெரியும், இன்னொரு நாள் மறைந்திருக்கும். உறுதி செய்ய, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் வேண்டும். அதற்கு ஊதா டியூப் ரத்தம் ஐஸ் பேக்கோடு போனால் போதும். ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை. ரத்தம் எடுத்ததுமே டாக்டர் இந்தக் கிருமிக்கான ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். மாத்திரை கொடுத்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் ஊட்டுங்கள். இல்லையென்றால் மாத்திரை வழியில் ஒட்டி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

எந்தக் கிருமிக்கு டெஸ்ட் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள். நாய்க் காய்ச்சலுக்குப் போடும் கிட் பெரும்பாலும் உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற வேறு கிருமியைத் தேடுவது. உண்ணி வேறு, தெள்ளு வேறு.

மகளைப் பற்றிய கவலைக்குக் காரணம் பார்டோனெல்லா ஹென்செலே என்ற இன்னொரு கிருமி. தெள்ளின் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டி, பிறாண்டிய காயம் வழியாக மனிதருக்கு வரும். இதற்காகப் பூனைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுவது) எடுக்க நான் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கும் பூனைகளிலும் அது பாசிட்டிவ் வரும்; எப்போதோ கிருமி வந்து போனதைக்கூட அது காட்டும். குழந்தைக்குக் காய்ச்சலோ, அக்குள், கழுத்தில் நெறி கட்டுவதோ இருந்தால் அவளுடைய டாக்டரிடம் பூனை பிறாண்டியதை மறக்காமல் சொல்லுங்கள்.

தெள்ளின் முட்டையும் கூட்டுப்புழுவும் பூனை படுக்கும் சாக்கிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கும். துணிகளை வெந்நீரில் துவையுங்கள், மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். பூனைக்கான மருந்தை எடை சொல்லி டாக்டரிடமே வாங்குங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைத் தடவிவிடாதீர்கள்; அது பூனையின் உயிரையே எடுத்துவிடும்.