டாக்டரின் 140 ஆய்வுக் கட்டுரைகள்: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், ஆரம்ப நிலை. ஒரு மருத்துவரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். 'மகளிர், மார்பகப் புற்றுநோய்த் துறையில் 140 ஆய்வுக் கட்டுரைகள்' என்று அவருடைய விவரக்குறிப்பில் இருக்கிறது. இதைச் சரிபார்க்க முடியுமா? இதை நம்பி அவரிடம் போகலாமா?

பதில்: முடியும், பைசா செலவில்லை. ஆனால் 140 என்ற எண்ணைவிட, அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' தளத்தில் ஆங்கிலத்தில் தேடுங்கள். முதல் சிக்கல் நம் பெயர்கள்தான். பப்மெட் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. எஸ். லட்சுமி ஒரு கட்டுரையில் 'லட்சுமி எஸ்' என்றும், அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொன்றில் 'சுப்பிரமணியன் எல்' என்றும் பதிவாகியிருப்பார். இரண்டு விதமாகவும் தேடுங்கள். அதே பெயரில் வேறு பத்துப் பேர் வந்தால் மருத்துவமனைப் பெயரையும் சேருங்கள். ஆனால் 2014-க்கு முந்தைய கட்டுரைகளில் முதல் ஆசிரியரின் பணியிடம் மட்டுமே பதிவாகியிருக்கும். இந்த வடிகட்டலில் பழைய கூட்டுக் கட்டுரைகள் விழுந்துவிடும். விவரக்குறிப்பில் 16 இலக்க 'ஆர்கிட்' எண் (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியான அடையாள எண்) இருந்தால் வேலை சுலபம்.

140 என்று சொன்னவருக்கு 80 கிடைத்தால் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். மாநாட்டுச் சுருக்கங்களும் புத்தக அத்தியாயங்களும் பெரும்பாலும் பப்மெட்டில் வராது. 9 மட்டுமே வந்தால் கேட்க வேண்டியதுதான்.

அடுத்து, நோய்வாரியாகப் பிரியுங்கள். ஜெர்மனியில் மகப்பேறு, மகளிர் மருத்துவர்களே மார்பக அறுவையும் செய்வதால் இரண்டு துறைகளும் ஒரே பட்டியலில் வருவது அங்கே இயல்பு. இங்கே மார்பகம் பெரும்பாலும் புற்றுநோய் அறுவை நிபுணர்கள் கையில். 140-ல் 125 மார்பகத்தைப் பற்றியது என்றால், அக்காவுக்குப் பொருந்துவது மிச்சம் 15 மட்டுமே.

பிறகு கட்டுரையின் வகை. பப்மெட்டின் இடப்பக்க வடிகட்டியில் 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல்' (குலுக்கல் முறையில் பிரிவுகளாக்கி ஒப்பிடும் ஆய்வு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை நோயாளியின் அபூர்வக் கட்டியைப் பற்றிய குறிப்பும், ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் எண்ணிக்கையில் ஆளுக்கொன்றுதான். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட திண்டுக்கல் மாவட்ட ஆய்வைப் பாருங்கள். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்கள். பரிசோதனை ஏற்பாடு செய்த பகுதிகளில், செய்யாத பகுதிகளைவிட இந்த நோயால் இறப்பது 35% குறைந்தது. முதல் ஆசிரியர் ஆர். சங்கரநாராயணன். இப்படி ஒன்று இருந்தாலே பட்டியல் கனமானது. பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. நடுவில் மட்டுமே வருகிறவரை ஒதுக்கவும் வேண்டாம், பெரிய ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்த்துத் தந்தவராக இருக்கலாம்.

'எச்-இண்டெக்ஸ்' 30 என்றால், குறைந்தது 30 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 30 இருக்கின்றன, அவ்வளவுதான். கத்தி பிடிக்கும் திறமைக்கு அது சாட்சியில்லை.

தலைப்பின் அருகே 'ரிட்ராக்டட்' என்று இருந்தால் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையான பிழையாகவும் இருக்கலாம், அதனால் காரணக் குறிப்பைப் படியுங்கள். மோசடியும் நடந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு மிகையளவு கீமோ பலன் தருவதாகச் சொன்ன தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவின் தரவுகள் 2000-ல் நடந்த தணிக்கையில் நிற்கவில்லை. அவருடைய 1995 கட்டுரை 2001-ல் திரும்பப் பெறப்பட்டது.

உங்கள் அக்காவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள சோதனை ஒன்று உண்டு. 2018-ல் வந்த 'லாக்' ஆய்வு, ஆரம்பநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோயில் 631 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டது. நாலரை ஆண்டுகளில் நோயில்லாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றிய பிரிவில் 96.5%, சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோபி அல்லது ரோபோ முறையில் செய்த பிரிவில் 86%. உயிரிழப்பும் இரண்டாவது பிரிவில்தான் அதிகம். அதுவரை துளைவழி அறுவையைப் புகழ்ந்த கட்டுரைகள் ஏராளம். உங்கள் மருத்துவரும் எழுதியிருந்தால் அது குற்றமல்ல. 2018-க்குப் பிறகு என்ன எழுதினார், தன் நோயாளிகளின் முடிவுகளைத் திரும்பக் கணக்கெடுத்தாரா என்று பாருங்கள். நான் மதிப்பெண் போடுவதானால் இங்கேதான் போடுவேன்.

பட்டியலில் கிடைக்காததை நேரில் கேளுங்கள்: இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், திறந்தா துளைவழியா, ஏன்? பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும், கதிர்வீச்சு நிபுணரும் இருக்கும் டியூமர் போர்டில் அக்காவின் கேஸ் பேசப்படுமா? போகும்போது பயாப்ஸி அறிக்கையோடு ஸ்லைடு, பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு), எம்ஆர்ஐ படங்கள் உள்ள குறுந்தகடு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கட்டியின் அளவு 2 செ.மீ.க்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்து அறுவையின் வகையே மாறலாம்.