மூன்று வருஷம் இங்கே, ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவில்: அட்வான்ஸ் கட்டுமுன்

வணக்கம் அம்மா,

ஈரோட்டிலிருந்து நீங்கள் எழுதியதும், கூடவே அனுப்பிய கல்லூரி நோட்டீஸும் கிடைத்தன. மகள் பிளஸ் டூவில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் முடித்திருக்கிறாள். நான்கு வருஷப் படிப்பில் கடைசி வருஷம் மட்டும் ஆஸ்திரேலியாவில், முடித்ததும் அங்கேயே வேலை என்று கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். சீட்டை உறுதிசெய்ய ஒரு லட்சம் கேட்கிறார். "இதை நம்பலாமா?" என்பது உங்கள் கேள்வி. படிப்பை ஒருவேளை நம்பலாம், விசாரிக்க வேண்டும். வேலை என்று சொன்னதை நம்ப வேண்டாம்.

இந்த மாதிரி இணைப்புப் படிப்புகள் திடீரென்று முளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2024 கணக்குப்படி நம் பிள்ளைகள் 13 லட்சத்துக்கும் மேல் வெளிநாடுகளில் படித்தார்கள், அவர்களோடு பணமும் போகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை இங்கே வரவழைக்கலாம், நம் கல்லூரிகளை அவற்றோடு இணைக்கலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை வழி திறந்தது. 2022 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, இணைப்புப் படிப்புகளுக்கு விதி போட்டது. 2023 நவம்பரில் வெளிநாட்டு வளாகங்களுக்கும் விதி வந்தது. நம் பக்கத்திலிருந்தும் வெளியே போயிருக்கிறார்கள். சென்னை ஐஐடி 2023-லேயே ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் சான்சிபார் தீவில் வகுப்பு தொடங்கிவிட்டது.

சரி, உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். யுஜிசி விதியில் மூன்று வகை உண்டு. ட்வின்னிங் என்றால் மாணவர் மொத்த கிரெடிட்டில் (பாடங்களை முடிக்கும்போது சேரும் மதிப்பு அலகு) 30 சதவீதம் வரை வெளிநாட்டில் படிக்கலாம், பட்டம் தருவது இந்திய நிறுவனம். கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும், இரண்டு முத்திரையோடு ஒரே சான்றிதழ். இரட்டைப் பட்டத்தில் இரு நிறுவனமும் தனித்தனியாகப் பட்டம் தரும். இந்தியப் பக்கம் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒரு வருஷம் என்றால் சுமார் 25 சதவீதம். அப்படியானால் இது கூட்டுப் பட்டமாக இருக்க வழியில்லை. ட்வின்னிங்காகவோ இரட்டைப் பட்டமாகவோதான் இருக்க வேண்டும். ட்வின்னிங் என்றால் மகள் கையில் வருவது இந்தியப் பட்டம்தான். நோட்டீஸில் கங்காரு படம் பெரிதாக இருக்கிறது, எந்த வகை என்று மட்டும் எங்கேயும் இல்லை. கன்சல்டன்சியிடம் கேட்காதீர்கள், கல்லூரிப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, கல்லூரிக்கு இதை நடத்தத் தகுதி இருக்கிறதா என்பது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் மதிப்பெண் 4-க்குக் குறைந்தது 3.01 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசுத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் வர வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் மேன்மைமிகு நிறுவனம் என்ற அரசு அந்தஸ்து வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் டைம்ஸ் அல்லது கியூஎஸ் என்ற உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் நோட்டீஸில் நாக் 'ஏ கிரேடு' என்று போட்டிருக்கிறது. அது எந்தக் கல்லூரிக்கு? ஒரே அறக்கட்டளையில் ஐந்தாறு கல்லூரி இருந்தால், ஒன்று வாங்கிய கிரேடை எல்லா நோட்டீஸிலும் அச்சடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. சேரப்போகும் கல்லூரியின் சான்றிதழையும் அது காலாவதியாகும் தேதியையும் பாருங்கள்.

வெளிநாட்டுப் பெயரை வாடகைக்கு வாங்கி முழுப் படிப்பையும் இங்கேயே நடத்தும் 'ஃப்ரான்சைஸ்' முறைக்கு அனுமதியே கிடையாது. அப்படி வாங்கும் பட்டம் செல்லாது என்று 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்தது. மேலே சொன்ன விதிப்படி நடக்கும் கூட்டு, இரட்டைப் பட்டங்களுக்கு அந்தக் கவலை இல்லை; இங்கே மேற்படிப்புக்கோ வேலைக்கோ இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று தனியாகச் சமநிலைச் சான்று வாங்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் பேச்சு ஆஸ்திரேலிய வேலையைப் பற்றி. அங்கேதான் இந்தத் திட்டம் இடிக்கிறது. படித்து முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்க ஆஸ்திரேலியா தருவது 485 என்ற தற்காலிகப் பட்டதாரி விசா. அதற்கு ஆஸ்திரேலிய மண்ணில் குறைந்தது இரண்டு கல்வியாண்டு, அதாவது 92 வாரப் படிப்பை, 16 மாதத்துக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். மகள் அங்கே இருக்கப்போவது ஒரு வருஷம். கையில் ஆஸ்திரேலியப் பட்டமே இருந்தாலும் அந்த ஒரு வருஷத்தை வைத்து இந்த விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பட்டத்தின் பெயர் ஒன்று, வேலை பார்க்கும் உரிமை வேறொன்று. முதலாவதை யுஜிசி சொல்லும். இரண்டாவது அந்த நாட்டுக் குடியேற்றத் துறை கையில். இந்தியக் கல்லூரியோ கன்சல்டன்சியோ அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது.

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'நான்காம் ஆண்டு விசா கிடைப்பதைப் பொறுத்தது' என்பது ஒன்று. 'நான்காம் ஆண்டுக் கட்டணத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அப்போது நிர்ணயிக்கும்' என்பது இன்னொன்று. மொத்தச் செலவு இன்றைக்கு யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் பொருள். கட்டணம் போக, மாணவர் விசாவுக்கு ஒரு வருஷ வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் விதி வந்தது. நம் பணத்தில் 16 லட்சத்தைத் தாண்டும். விசா மறுத்துவிட்டால்? பாதியில் நிற்கும் மாணவருக்கு, படித்த கிரெடிட் வீணாகாமல் வெளியேறும் வழியைக் கல்லூரி வைத்திருக்க வேண்டும் என்று 2022 விதியே சொல்கிறது. அந்த வழி என்ன, இங்கேயே நான்காம் வருஷம் உண்டா என்று கேளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே இங்கே வந்துவிட்டதே, அதில் சேர்த்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் குருகிராமில் தொடங்கியது. இளநிலைக்குக் கட்டணம் ஆண்டுக்கு 13 லட்சத்தை ஒட்டி அறிவித்தார்கள். குஜராத்தில் கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்தில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் தொடங்கியது முதுநிலைப் படிப்புகள், மகளுக்கு இப்போது பொருந்தாது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் வளாகம் தொடங்கும் இடங்களாக மும்பையோடு சென்னையையும் சொல்லியிருக்கிறது. பட்டம் தாய் வளாகத்தின் பட்டத்துக்குச் சமம்தான். படித்த இடம் இந்தியா என்பதால் அந்த நாட்டு வேலை விசாவுக்கு இதுவும் உதவாது. இந்தியாவிலேயே பெரிய கம்பெனி வேலை போதும், பணமும் இருக்கிறது என்பவர்கள் யோசிக்கலாம். கடன் வாங்கி என்றால் நான் வேண்டாம் என்பேன்.

என்னைக் கேட்டால், நல்ல அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் இளநிலையை இங்கேயே முடிக்கட்டும். ஆசை அப்போதும் இருந்தால் ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷ முதுநிலைக்குப் போகட்டும். அந்த இரண்டு கல்வியாண்டு நிபந்தனை அதிலேயே நிறைவேறிவிடும். இரு நாட்டுப் பட்டங்களையும் மேற்படிப்புக்குப் பரஸ்பரம் ஏற்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. பதினேழு வயதில் எடுக்கும் முடிவை இருபத்தொரு வயதில் அவளே எடுப்பாள் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். விசா விதிகள் அதற்குள் மாறலாம், அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: எந்த வகைப் பட்டம், நாக் சான்றிதழ், விசா மறுத்தால் என்ன வழி, அட்வான்ஸ் திரும்ப வருமா என்ற நான்கையும் கேட்டு, கல்லூரியின் அதிகாரபூர்வ மெயிலுக்கு எழுதுங்கள். பதில் கல்லூரி லெட்டர்ஹெட்டில் வராதவரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் பதிலாகாது. அப்புறம், பொறியியல் கலந்தாய்வுக்கு மகள் பதிவு செய்துவிட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள், கல்லூரியின் பதிலுக்காக அந்தக் கடைசித் தேதி காத்திருக்காது.